முதல் வரிசையில் ஆடிய தலை

மே 26, திங்கள்

நரம்பு டாக்டர் ஏஞ்சலின் அம்மையார் இன்று என்னை ஒரு நோட்டு வாங்கி எழுதச் சொல்லி உத்தரவிட்டார். தேதி, வலி பத்துக்கு எத்தனை, அன்று என்ன செய்தேன். இந்த மூன்றும் போதுமாம். "சுருக்கமா எழுதுங்க சார்" என்று இரண்டு தடவை சொன்னார். பிறவிப்பெருமாளாகிய என்னைப் பற்றி யாரோ முன்கூட்டியே துப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

வலி: பத்துக்குப் பதினேழு.

செய்தது: உயிரோடு இருந்தேன்.

மேன்மை தங்கிய டாக்டர் அவர்களே, நீங்கள் என்ன சொன்னாலும் இதைச் சுருக்கமாக எழுத முடியாது. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்து ஓய்வு பெற்ற இந்தத் தலை, கடந்த எட்டு வருஷமாக என் ஆளுகையில் இல்லை. தானாக இடது பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே ஏதோ தேர் ஓடுவதுபோலப் பார்த்து, பக்கவாட்டில் ஆடோ ஆடென்று ஆடுகிறது. வலது காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரைக்கும் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்குகிறார்கள். ஆட்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்தால் மட்டும் ஒரு நிமிஷம் தலை நேரே நிற்கும். ஏன் என்று கேட்டேன். "இந்த வியாதிக்கு அப்படி ஒரு குணம் உண்டு" என்றார் டாக்டர். வியாதிக்குக்கூடக் குணம் இருக்கிறது.

"எட்டு வருஷமா ஏன் சார் வரலை?" என்று கேட்டார். நான் ஜன்னலைக் காட்டி, வெயில் அதிகம் என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஆவுடை, "தலை ஆடுனாத்தானே இவுகளுக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டு, டாக்டர் விளக்கம் கேட்பதற்குமுன் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மே 28, புதன்

வலி: ஒன்பது. செய்தது: வெண்டைக்காய் வாங்கினேன். கடைக்காரர் தராசில் போடப் போட என் தலை 'போதாது, போதாது' என்று ஆட, மனுஷர் மிரண்டுபோய் ஒரு கைப்பிடி கூடப் போட்டார். வியாதிக்கும் வருமானம் உண்டு.

ஆவுடை அன்று சொன்னதற்கு விளக்கம் எழுதாவிட்டால் டாக்டர் என்னைத் தப்பாக நினைப்பார். சரியாகவே நினைத்துவிடுவாரோ என்றும் பயம்தான்.

எட்டு வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டை சுநாதப் பிரியா சபாவில் ஒரு கச்சேரி. ஆவுடைக்குச் சங்கீதம் என்றால் உயிர். எனக்கு மின்மாற்றியின் 'ம்ம்ம்' ஒன்றுதான் தெரிந்த ராகம். துணைக்குப் போனேன். மேடையில் விக்கிரமசிங்கபுரம் ராமசேஷ பாகவதர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கச்சேரி முடிந்துவிடும். அப்போதுதான் எனக்குத் தலை ஆட ஆரம்பித்திருந்த காலம். பாகவதர் ஆலாபனையை நிறுத்திவிட்டு, மைக்கில், "அதோ பாருங்கோ! அனுபவிக்கிறதுன்னா அது!" என்று என்னைக் காட்டினார். சபையே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

அவ்வளவுதான். அடுத்த கச்சேரிக்கு முதல் வரிசை, நடு நாற்காலி. அதற்கடுத்த வருஷம் நாற்காலிக்கு வெல்வெட் உறை. கன்னத்தில் விரல் வைத்திருக்கும் என் படம் சபா மலரில் முழுப் பக்கம் வந்தது, கீழே 'நாதத்தில் கரையும் ரசிகமணி' என்று. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் என் தலையைப் பார்த்துக் கணக்குச் சரிபார்க்கிறார் என்று கேள்வி. கணக்கில் நான் மூன்று தடவை பெயிலானவன்.

ஆவுடைக்கு ஒன்பதாவது வரிசை. இரண்டு வருஷம் வந்தாள். பிறகு முழங்கால் வலி என்று நின்றுவிட்டாள்.

ஜூன் 2, திங்கள்

இன்று எனக்கு விஷம் வைத்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொட்டுலினம்னு பேரு. கெட்டுப்போன டப்பா உணவுல வளர்ற கிருமியோட நச்சு. நாங்க போடுறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். 'இறுக்கு, இறுக்கு'ன்னு நரம்பு தசைக்குச் சொல்லிக்கிட்டே இருக்குல்ல, அந்தச் சேதி போகாமத் தடுத்துடும். முறுக்கு விட்டாலே வலியும் குறையும்."

"அதாவது ஃபியூஸைப் பிடுங்குறீங்க."

"கரெக்ட். ஆனா மூணு மாசம்தான். அப்புறம் மறுபடி போடணும்."

ஆவுடை குறுக்கிட்டாள். "ஏன் டாக்டரம்மா, நடிகைகள்லாம் முகச் சுருக்கத்துக்குப் போடுதது இதுதானே?"

"அதேதான்மா."

"அப்ப மிச்சம் இருந்தா நெத்தியிலயும் ரெண்டு போட்டு விடுங்க. வீட்டுலயாவது சுருக்கம் இல்லாத ஒரு மூஞ்சியப் பார்ப்போம்."

கழுத்தில் ஏழு இடத்தில் குத்தினார். பாரதப் போரில் பீஷ்மர்கூட இவ்வளவு அமைதியாக இருந்திருக்க மாட்டார் என்று எழுத ஆசை. நான் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

ஜூன் 7, சனி

வலி: ஒன்பது. செய்தது: விஷம் வேலை செய்யக் காத்திருந்தேன். பாம்பு விஷமாக இருந்தால் இதற்குள் பதினாறாம் நாள் விருந்துக்கு ஆள் சொல்லியிருப்பார்கள். இது அரசாங்க விஷம் போலிருக்கிறது, மேஜைக்கு மேஜை நகர்கிறது.

ஜூன் 12, வியாழன்

வலி: மூன்று.

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஒரு மனிதர் என்னை நேருக்கு நேர் பார்த்தார். யாரோ என்று கொஞ்சம் பயந்தேன்.

ஜூன் 16, திங்கள்

வலி: இரண்டு. செய்தது: விழுங்க முயன்றேன். சொதியும் சோறும் தொண்டைக்கு வந்து 'உள்ளே போகலாமா?' என்று அனுமதி கேட்டு நிற்கின்றன. டாக்டருக்குப் போன் செய்தேன். இந்த ஊசிக்குச் சிலருக்கு அப்படி ஆகும், இரண்டு வாரத்தில் சரியாகும், குழைவாகச் சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடுங்கள், மூச்சுத் திணறினால் உடனே வாருங்கள் என்றார். ஆவுடை சோற்றைக் கூழாகக் கரைத்து எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று ரயில்வே கேட் கீப்பர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தட்டை அவள் தொடவில்லை.

ஜூன் 28, சனி

வலி: ஒன்று. கழுத்தில் ஒன்று. மற்ற இடங்களுக்கு நோட்டில் பத்தி இல்லை.

மாலை பாகவதர் கச்சேரி. வெல்வெட் நாற்காலியில் அமர்ந்தேன். பாகவதர் மேலே மேலே போய் ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தார். வழக்கமாக அங்கே என் தலை சுழன்று ராட்டினமாகும். இன்று மின்கம்பம். இன்னொரு தடவை அதே இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். கம்பம். மூன்றாம் தடவை குரல் கம்மிப்போய், பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். எழுபத்திரண்டு வயதுக்காரர். ஜிப்பாவில் சிந்திக்கொண்டார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. நானாகவே ஆட்டினேன். நேராகப் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஆட்டினேன் போலிருக்கிறது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எட்டு வருஷக் கணக்கும் தப்பாகிவிட்டது.

முக்கால் மணி நேரம் முன்னதாகவே மங்களம் பாடிவிட்டார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

சபா செயலாளர் நெல்லைநாயகம் வந்தான். என் அக்காள் மகன். செயலாளராக வந்தால் 'தாங்கள்' என்பான், மருமகனாக வந்தால் மரியாதை கிடையாது. இன்று மருமகன்.

"மாமா, ஒம்ம மனசுல என்னதான் நெனச்சிருக்கீரு? பாகவதர் ராத்திரி பூரா தூங்கலையாம். 'எனக்குக் கொரல் போயிட்டு, பிறவியே ஆட்டலைன்னா பின்ன என்ன பாட்டு'ங்காரு."

"கழுத்து வலிக்கு ஊசி போட்டிருக்குடா."

"கழுத்து வலி ஊருல யாருக்கு இல்ல? எனக்குந்தான் இருக்கு. நான் மேடையில இருக்கவங்க வயித்துல அடிக்கனா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் சபாவின் பத்தாம் ஆண்டு விழா அழைப்பிதழை நீட்டினான். 'முன்னிலை: ரசிகமணி பிறவிப்பெருமாள்.' எழுத்து தங்க நிறத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

வலி: பூஜ்யம். செய்தது: ஒன்றுமில்லை. இருசக்கர வண்டியில் ஆவுடையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை போய் வந்தேன். எட்டு வருஷமாக அவள் என்னை வண்டியைத் தொடவிட்டதில்லை. பாலத்தில் ஏதோ முணுமுணுத்தாள். என்ன பாட்டு என்று கேட்டேன். "ரசிகமணிக்குத் தெரியாததா?" என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வலி: நான்கு. இடது பக்கம் மறுபடியும் தேர் ஓடத் தொடங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

வலி: ஆறு. அடுத்த ஊசி இருபத்தைந்தாம் தேதி. ஆண்டு விழா செப்டம்பர் ஆறு.

நெல்லைநாயகம் ஓடி வந்தான். என் தலை லேசாக ஆடுவதைப் பார்த்ததும், காணாமல் போன பசு வீடு திரும்பியதுபோல முகம் மலர்ந்தான்.

"தாங்கள் ஒரு பதினஞ்சு நாள் பொறுத்துக்கிடணும் மாமா. விழா முடிஞ்சதும் ஊசிய எங்க வேணும்னாலும் போட்டுக்கிடும். பாகவதருக்குப் பட்டம் கொடுக்க மெட்ராஸ்லேருந்து பெரிய மனுஷர் வாராரு. போன தடவ மாதிரி நீரு கல்லாட்டம் உக்காந்தா, கெழவர் அதுக்கப்புறம் வாயே தொறக்க மாட்டாரு. அந்தப் பாவம் ஒம்மச் சும்மா விடாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதுபோல் கன்னத்தில் விரலை வைத்தேன். தலை நேரே நின்றது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் நோட்டை டாக்டரிடம் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வெளியூரில் துக்கம், வர முடியாது, எட்டாம் தேதி வருகிறேன் என்றேன். யார் இறந்தது என்று நர்ஸ் கேட்டார். பதறிப்போய், சென்ற நூற்றாண்டிலேயே காலமான என் பெரியப்பாவை மறுபடி ஒரு தடவை சாகடித்தேன்.

போனை வைத்துத் திரும்பினால் ஆவுடை நிற்கிறாள்.

"எதுக்குத் தள்ளிப் போட்டீய?"

"பதினஞ்சு நாளுதான. விழாவுக்கு நீயும் வா. உனக்கும் முன்வரிசை கேட்டு வாங்குதேன்."

"நான் வரலை."

"முழங்கால் வலிக்குத்தான் தைலம் இருக்குல்லா?"

"முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. அது என்னைக்குமே நல்லாத்தான் இருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "ராத்திரி தூக்கம் வராம செவுத்துல தலையை முட்டிக்கிட்டு உக்காந்திருக்க மனுஷன நான்தான் பார்க்கேன். பகல்ல அதே தலை ஆடுததப் பார்த்து ஊரே கைதட்டுது. அதையும் நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணுமா?"

வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து தோளில் வைத்துவிட்டுப் போனாள். மிகவும் சூடாக இருந்தது. வேண்டுமென்றே செய்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

வலி: எட்டு. செய்தது: பொறுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3, புதன்

வலி: அற்பம். (எழுத்து கோணலாக இருப்பது பேனாவின் குற்றம்.)

செப்டம்பர் 6, சனி

வலி: பத்து. முதல் தடவையாகக் கூட்டாமல் எழுதுகிறேன்.

தலை இன்று சொல் கேட்கவில்லை. விரல் வைத்தும் நிற்கவில்லை. பாகவதர் முதல் வர்ணத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், புது டிரான்ஸ்பார்மர் போட்ட தெரு மாதிரி. என்னென்னவோ பாடினார். ஜனங்கள் 'ஆஹா' என்றார்கள். எனக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது, எலும்புக்குள் பல்லைக் கடிக்கும் சத்தம். இரண்டாவது மணி நேரத்தில் கண்ணிலிருந்து நீர் கொட்ட ஆரம்பித்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் தோள் இழுக்கிறது. அப்படியே விட்டேன்.

மெட்ராஸ்காரர் பட்டம் கொடுத்துவிட்டு, "பாடியவரைவிட நான் இந்தக் கண்ணீரைத்தான் வணங்குகிறேன்" என்று மேடையிலிருந்து இறங்கி வந்து எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். ஜரிகைக் கனம். சரியாக வலது தோளில், அந்த இடத்தில். 'ஐயோ' என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

பாகவதர் மைக்கைப் பிடித்தார். "டிசம்பர்ல மெட்ராஸ்ல எனக்கு ஒரு மேடை கெடச்சிருக்கு. எழுபத்திரண்டு வயசுல முதல் தடவை. பிறவி முன்னால உக்காந்தாத்தான் பாடுவேன். இனிமே எங்கே போனாலும் அப்படித்தான்!"

பதினைந்து நாள் என்று நினைத்திருந்தேன். ஆயுள் தண்டனை.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை பொன்னாடையை எடுத்து மடித்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலேயே பாகவதர் வீட்டுக்குப் போனேன். டிசம்பரில் பாட வேண்டிய உருப்படிகளை எழுதிக்கொண்டிருந்தார். உருப்படிக்கு எதிரே சின்னச் சின்ன அடையாளம். என்ன என்று கேட்டேன். "நீர் தலையை நன்னா ஆட்டின இடமெல்லாம் குறிச்சிருக்கேன்" என்றார்.

சொல்லிவிட்டேன். வியாதி, ஊசி, வெளியூர்த் துக்கம், எல்லாவற்றையும். அவர் கேட்டார், சிரித்தார், பிறகு கோபம் வந்தது.

"ஓய், பாட்டு பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லும். வயசாயிடுத்து, சுருதி சேரலைன்னு சொல்லும். தாங்கிக்கறேன். ஊசி, வியாதின்னு கதை விடாதீர்."

"கதை இல்ல சாமி."

"எட்டு வருஷம் ஒரு மனுஷன் வியாதியில தாளம் தப்பாம ஆட்டுவானா? நாளைக்கு எந்த ஆஸ்பத்திரி? நான் வரேன். என் கண்ணால பாக்கறேன்."

செப்டம்பர் 8, திங்கள்

வலி: ஒன்பது.

வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் விபூதி. டாக்டர், "இவர் யாரு சார்?" என்றார். "பாதிக்கப்பட்ட இன்னொருவர்" என்றேன். ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன தடவை மருந்து தொண்டைத் தசைக்கும் பரவிவிட்டதாம். அதனால் இன்று புதிதாக ஒரு இயந்திரம் கொண்டு வந்தார். ஊசி தசைக்குள் போனால், அந்தத் தசை செய்யும் வேலை அதன் பெட்டியில் சத்தமாகக் கேட்குமாம். எங்கே சத்தம் அதிகமோ அங்கே மருந்து.

குத்தினார். பெட்டி அலறியது. வெந்த தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல, ஆயிரம் அப்பளத்தை ஒரே சமயத்தில் நொறுக்குவதுபோல. என் கழுத்துக்குள் இவ்வளவு ரகளையா என்று எனக்கே மலைப்பு.

பாகவதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னம்மா அது?"

"அவரோட தசைதான். ஓயாம இழுத்துக்கிட்டே இருக்கு."

"எப்பவுமேவா?"

"தூங்கும்போது நிக்கும்."

"நான் பாடறச்சே?"

"அப்பவுந்தான் சார்."

பாகவதர் பெட்டிக்கு அருகில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். அதில் தாளம் தேடினார் என்று நினைக்கிறேன். விரல் இரண்டு தடவை தொடையில் தட்டி, நின்றுவிட்டது. பிறகு என் பக்கம் வந்தார். நான் குப்புறக் கிடந்ததால் அவர் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"எட்டு வருஷத்துல ஒரு பாட்டாவது பிடிச்சுதா ஓய்?"

அறுபத்தொரு வருஷமாகப் பொய்யை வேலைக்கு வைத்திருக்கிறேன். இன்று அழைத்தபோது அது வரவில்லை.

"காதுல விழலையே சாமி. வலியில ஒண்ணுமே விழலை."

செருப்பு நகர்ந்தது. கதவு திறந்து மூடியது. ஆவுடையும் அவர் பின்னாலேயே போனாள். நான் திரும்பிப் பார்க்க முடியாது, கழுத்தில் ஊசி. ஊசி முடிந்ததும், நான் கிழிக்க மறந்த அந்தப் பக்கத்தை டாக்டர் படித்துவிட்டு, "உங்க பெரியப்பாவுக்கு என் அனுதாபம்" என்றார்.

செப்டம்பர் 27, சனி

வலி: ஒன்று.

சபாவுக்கு ஆவுடையோடு போனேன். வெல்வெட் நாற்காலியில் நெல்லைநாயகம் மெட்ராஸ்காரரின் மச்சினரை உட்கார வைத்திருந்தான். என்னைக் கண்டதும், "தாங்கள் யாரு?" என்பதுபோல் பார்த்தான். ஒன்பதாவது வரிசை. மின்விசிறிக்குக் கீழே. நல்ல காற்று.

பாகவதர் வருவாரா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தார். முதல் இரண்டு பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு, கோயில் கடமை மாதிரிப் பாடினார். மூன்றாவது பாட்டில் நடுவில் ஓரிடம் வந்தது. பெயர் தெரியாது. கீழே கீழே இறங்கி வந்து, கடைசிப் படி இல்லாததுபோல ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு கால் ஊன்றினார். நான் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, அது என்ன?" என்று ஆவுடையைக் கேட்டேன்.

"பேசாம இருங்க" என்றாள். அவள் கண் மேடையிலேயே இருந்தது.

முடிந்ததும் பாகவதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். முதலில் ஆவுடையிடம், "அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நீ சொன்னபடி அந்த வர்ணத்தைச் சுருக்கிட்டேன்மா" என்றார். அப்படி ஒரு பேச்சு நடந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஆட்டலையே."

"ஆட்டலை. ஆனா மூணாவது பாட்டுல ஒரு எடத்துல தடுக்கி விழப் பாத்தீரே, அது நல்லா இருந்துச்சு."

"தடுக்கினேனா!" அவர் குரல் மண்டபத்தின் கூரைவரை போனது. "அது தடுக்கல் இல்லை ஓய், அதுக்கு நாப்பது வருஷ சாதகம்! என் குரு அந்த ஒரு பிடிக்கு என்னை ஆறு மாசம் அழ வச்சிருக்கார்! தடுக்கலாம்! ஞான சூன்யம்!"

நின்ற நிலையில் அதைத் திரும்பப் பாடிக் காட்டினார். தொடையில் தட்டிக் காட்டினார். மறுபடி திட்டினார். நாற்காலி மடிப்பவர்கள் எங்களைச் சுற்றி மடித்துக்கொண்டு போனார்கள். ஆவுடை தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கியபிறகும் பாகவதர் விடவில்லை.

"டிசம்பர்ல மெட்ராஸ் வாரும். ரெண்டு பேரும். அங்கே திரும்ப அதைப் பாடறேன். தலையை ஆட்ட வேண்டாம்."

"பின்ன என்ன செய்யணும்?"

"பிடிக்கலைன்னா எழுந்து போம்."